மைக் செட் தேவசகாயம் கேட்ட கேள்வி

நம் உத்திரமேரூர் வாசகர் மன்றக் கூட்டத்தில் அந்தப் பெயர்பெற்ற கேள்வியைக் கேட்டது நான் அல்ல. ஆறு வருஷமாக நான்தான் கேட்டேன் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவர் மானாம்பதி தேவசகாயம். பஜாரில் காதர் பாய் கடையில் மைக் செட் பார்த்தவர். சென்ற வியாழக்கிழமை காலமானார்.

பாய்தான் என் வீட்டுக்கு வந்து சொன்னார். "டீச்சரம்மா, நம்ம தேவசகாயம் பூட்டான். ஒயர் சுத்திக்கினு இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான்." சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் கழித்து மன்றத்தின் சுற்றறிக்கை வந்தது. 'நம் மன்றத்துக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்த ஊழியர் மறைவு' என்று ஒரு வரி. பெயர் இல்லை. அதற்குக் கீழே, அந்தக் கூட்டத்தில் 'நம் தலைமையாசிரியை அம்மையார்' கேட்ட கேள்வியைப் பற்றி ஏழு வரி. படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்காமலே எழுதுகிறேன்.

அவரை நேரில் நான் 'நீ' என்றுதான் அழைத்தேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டும்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு நகைச்சுவைத் தொடர்கதை எழுதிவந்தார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் ஓட்டை ஜீப்பில் ஏறிப் பழைய காலங்களுக்குப் போய்வருவார். சோழர் காலத்தில் இறங்கி, நம் ஊர்ச் சபைத் தேர்தலுக்கு மனு எழுதி, மூன்று நகல் இல்லையென்று தன் மனுவைத் தானே தள்ளுபடி செய்துவிடுவார். பத்திரிகை வந்ததும் தேவசகாயம் பாய் கடை வாசலில் அதை உரக்க வாசிப்பார். எழுத்துக் கூட்டத் தெரியாத வண்டிக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். நான் சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்திக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, ஆயிரம் வருசம் பின்னால போயும் இந்தாளு சூடா காபி கெடைக்குமான்னு கேட்டுக்கினு கீறான். இவனுக்கு எந்த ராஜா வேலை குடுப்பான்?" என்றார். வண்டிக்காரர்களோடு நானும் சிரித்தேன். என் பள்ளி ஆசிரியர்கள் யாரும் அவ்வளவு நிறுத்தி, அவ்வளவு குரல் மாற்றி வாசித்ததில்லை.

அந்த எழுத்தாளர்கள் இருவரையும் மன்றம் அழைத்தது. ஒரு ஞாயிறு பிற்பகல், பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். கேள்விச் சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது நம் ஊர் வழக்கம். கல்வெட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பதில் நமக்குப் பெருமை. சீட்டில் கேள்வி, பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். அன்று வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. உள்ளே நாற்காலிகளில் யார், வெளியே வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் கீழ் யார் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேவசகாயம் மட்டும் மைக்கைப் பார்க்க வேண்டுமென்பதால் மேடையோரம் நின்றார். குடம் மேடைக்கு வரும் வழியில் மடித்த தாள் ஒன்றை அதில் போட்டார். பார்த்தேன், தடுக்கவில்லை.

எழுத்தாளர்கள் நன்றாகவே பேசினார்கள். ஜீப் எந்த அரசன் காலத்திலும் பெட்ரோல் இல்லாமல் எப்படித் திரும்பிவருகிறது என்று கேட்டதற்கு, கண்ணாடி போட்டவர், "இறக்கத்தில் தள்ளிவிட்டுவிடுவோம், அம்மா. சரித்திரம் முழுக்க இறக்கம்தானே!" என்றார். ஹால் அதிர்ந்தது. அடுத்து என் கையில் வந்தது தேவசகாயத்தின் சீட்டு. பென்சிலில், தெளிவான கையெழுத்தில் இருந்ததை வாசித்தேன்: 'ஐயா, உங்கள் வண்டியில் எங்கள் தெரு ஆள் ஒருவன் ஏறினால், ஆயிரம் வருஷம் பின்னால் போய் எந்த இடத்தில் இறங்குவான்? இப்போது நிற்கும் இடத்திலேயேவா?'

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையான எழுத்தாளர், "இடம் இருந்தால் ஏற்றிக்கொள்கிறோம்!" என்றார். மறுபடியும் சிரிப்பு. நான் சீட்டில் அடுத்திருந்த பெயரை வாசிக்கப் போனேன். மன்றத் தலைவரான மிராசுதார் என் பக்கம் குனிந்து, யார் எழுதியது என்று சீட்டைப் பார்த்துவிட்டு, "போதும்மா, அடுத்ததை எடுங்கோ" என்றார். எடுத்தேன்.

கான்வென்டில் என்னை வளர்த்த சிஸ்டர்கள், தாளில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் வாசிக்கப் பழக்கினார்கள். முப்பது வருஷம் அதையே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்று ஒரு மிராசுதார் 'போதும்' என்றதும் நிறுத்திவிட்டேன். தலைவர் மீது எனக்குக் கோபம் உண்டு. அதைவிட அதிகக் கோபம் யார் மீது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்ததும் தேவசகாயம் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தமாசுக்குக் கேக்கல டீச்சரம்மா. நெஜமாத்தான் கேட்டேன். வெளியில ஆரோக்கியம் ஒக்காந்துக்கினு இருந்தா. இந்தக் கொழாயில யார் யார் பேரோ வந்துகீது. எம் பேரு ஒரு தபா வரும்னு சொல்லிட்டு வந்தேன்." ஆரோக்கியம் அவர் மனைவி. தேவசகாயத்தின் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம் தொடர்கதையில் குமாஸ்தா தன்னோடு ஒரு கூலியாளை ஏற்றிப்போனார். ஆயிரம் வருஷம் தாண்டி இறங்கியவன் கோயில் மதிலுக்கு வெளியே, அதே இடத்தில் நின்றான். "வண்டி கெளம்பவே இல்லையே சாமி!" என்றான். ஊரெல்லாம் அந்த வரியைச் சொல்லிச் சிரித்தது. அது புத்தகமாக வந்தபோது முன்னுரையில், அந்த அத்தியாயம் பிறக்கக் காரணமான கேள்வியைக் கேட்ட உத்திரமேரூர்த் தலைமையாசிரியைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கேட்டது நான் அல்ல என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதவில்லை. தெருவில் பாராட்டியவர்களில் பாதிப் பேரிடம் மறுத்தேன். மீதிப் பேரிடம் சும்மா இருந்தேன். தேவசகாயம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "புக்குல நீங்க கீறீங்க டீச்சரம்மா. நல்லா கீது" என்றார்.

என் கணவர் இறந்தபோது நடந்த இரங்கல் கூட்டத்தில் அவருடைய பட்டங்களை ஒன்றுவிடாமல் வாசித்தார்கள். அந்த மைக்கையும் தேவசகாயம்தான் கட்டினார். மானாம்பதிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கத்தின்போது தேவசகாயத்துக்கு மைக் இல்லை. ஆரோக்கியம் என்னைப் பார்த்து அழவில்லை. "வூட்ல அந்த புக்கு கீது. எம்மா தபா சொல்லியும் தூக்கிப் போடமாட்டேன்னுட்டாரு. 'கேள்வி என்னுதுதானே'ன்னுவாரு," என்றார். அவ்வளவு பேருக்கு நடுவே தலைகுனிந்து நின்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வார்த்தையை: 'நெஜமாத்தான் கேட்டேன்.' சிரிக்கிற கூட்டத்தில், சிரிப்புக்காக அல்லாமல் கேட்ட ஒரு மனிதர் நம்மிடையே இருந்தார்.

இந்த அஞ்சலி அச்சாகும் இதழை அந்த எழுத்தாளர்கள் இருவருக்கும் பதிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஐயா, அடுத்த பதிப்பின் முன்னுரையில் என்னைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, 'மானாம்பதி சூசை மகன் தேவசகாயம்' என்று அச்சிடுவீர்களா, மாட்டீர்களா? நேரில் வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். ஆள் மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். ஆரோக்கியத்தின் பெயருக்கு, மானாம்பதி முகவரிக்கு, எழுத்தில் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.