ரொங்ன் என்றால் சினை

இந்த நார்வே ஊரில் யாரிடம் சொந்த ஊர் கேட்டாலும் ஆற்றின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் வந்த புதிதில், கப்பல் பட்டறையில் என்னோடு வெல்டிங் பார்க்கும் இங்ரிட் என் ஆறு எது என்று கேட்டார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இங்கே மரியாதையாம். நான் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்காரன். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுடுநீரும் கலக்கும் கொசஸ்தலை ஆற்றைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கம் குடிநீரே கடலிலிருந்துதான், அதற்கொரு ஆலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் சொல்லிவைத்தேன். அவர் யோசித்துவிட்டு, கடலிலிருந்து ஊருக்குள் ஓடும் ஆறா, அதில் மீன்கள் எந்தப் பக்கம் நீந்தும் என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

மீனை வைத்துத்தான் இவர்களுக்கு ஆறு. லாக்ஸ் என்கிறார்கள், நாம் சால்மன் என்போம். இந்த ஆற்றில் பிறந்து, கிரீன்லாந்துப் பக்கம்வரை போய் மேய்ந்துவிட்டு, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவிடும். வழியில் எத்தனையோ நாட்டுக் கடல். அதனால் நாடுகள் எல்லாம் உட்கார்ந்து பேசி, நடுக்கடலில் அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் செய்திருக்கின்றன. எங்கே திரிந்தாலும், எந்த நாட்டு ஆற்றில் பிறந்ததோ அந்த நாடுதான் அதற்கு முதல் பொறுப்பு. இங்ரிட் இதைச் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகக் கிடந்து, ஏஜெண்டைப் பிடித்து இங்கே வந்தவன் நான். என்னை எந்த நாடும் அப்படித் தேடியதில்லை. பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றிருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

போன கோடையில் இங்ரிட் என்னை மீன் பிடிக்க அழைத்துப் போனார். அப்போது என் மனைவி கல்பனா மாசமாக இருந்தாள். மாசமான பெண்ணுக்கு மீன் சினையை வறுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவளும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காரில் போகும்போது இங்ரிட் விதிகளையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது, தலையை மட்டும் முழுதாக ஆட்டினேன்.

மீன் என் தூண்டிலில்தான் மாட்டியது. கரையோரம் இழுத்துப் பார்த்தால் வெள்ளிபோல் மின்னியது, வயிறு புடைத்திருந்தது. தண்ணீரில் நின்ற இங்ரிட், "ரொங்ன், ரொங்ன்" என்று கத்தினார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். காலையில் ரொட்டியில் தடவுகிற மீன் பேஸ்ட் டியூபில் எழுதியிருக்கும்; சினை என்று அர்த்தம். மீஞ்சூர் மார்க்கெட்டில் மீன்காரம்மாக்கள் "சினை மீனு நைனா, சினை மீனு" என்று சொல்லித்தான் ஆளை நிறுத்துவார்கள். கல்பனாவின் அதிர்ஷ்டம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கல்லை எடுத்துத் தலையில் ஒரே போடாகப் போட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரியத் திரும்பினேன். மீனைத் தண்ணீரில் விடுவதற்காக இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தார் இங்ரிட்.

சினை மீனை விட்டுவிட வேண்டும் என்பதுதான் முதல் விதி. இந்த ஆற்றுக்குத் திரும்பி வரும் தாய்மீன்கள் அவ்வளவு குறைந்துவிட்டன. அவர் திட்டவில்லை. மீன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆற்றுக் காவலருக்கு அவரே போன் செய்தார். காவலர் வந்ததும் இங்ரிட், "நான்தான் இவரைக் கூட்டி வந்தேன், சரியாகச் சொல்லாதது என் தப்பு" என்றார். மீனையும் காவலர் எடுத்துப் போனார். தன் ஆற்றில் தூண்டில் போடும் அனுமதியையும் அந்தப் பருவம் முழுக்க இங்ரிட் இழந்தார். காவலர் என்னிடம் ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். கிரீன்லாந்துக்காரன் விட்டான், நடுக்கடலில் போன கப்பல்காரன் விட்டான். பிறந்த வீடு வந்து சேர்ந்ததை நான் அடித்துக் கொன்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஊரில் முகத்துவாரத்தில் வலை போடும் என் அண்ணனிடம் நடந்ததையும் அந்தச் சட்டத்தையும் போனில் சொன்னேன். "சினை மீனப் போயி யார்னா வுடுவாங்களாடா" என்று முதலில் சிரித்தார். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

"நம்மூரு மடவ மீனும் சினையோடதான்டா மொகத்துவாரம் தாண்டும். நாம அங்கதான வல கட்டிக்கினு ஒக்காந்திருப்போம். இப்ப வல கீது, தண்ணி சுடுது, மீனு எங்க கீது? நம்மூரு மீனுக்கு யாருடா பொறுப்பு? அந்தச் சட்டத்துல இன்னா போட்டுக்கீது?"

அந்தச் சட்டம் சால்மன் மாதிரி ஆற்றில் பிறக்கும் மீனுக்குத்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

மகள் இங்கேதான் பிறந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறந்தால் அந்த ஆறு. தான் பின்னிய கம்பளித் தொப்பியோடு இங்ரிட் பார்க்க வந்தார். குழந்தைக்கு அதைப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் தூக்கிப் போய், இனி இவள் எங்கள் ஆற்றுக்காரி, இந்த ஆறு இவள் பொறுப்பு என்றார். என்ன சொன்னார் என்று கேட்பதுபோல் கல்பனா என் முகத்தைப் பார்த்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யார் பேசியதும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. நம்மூரு மீனுக்கு யாருடா பொறுப்பு என்ற அண்ணன் குரலும் கூடவே கேட்டது. தலையாட்டத்தான் முடியவில்லை.