மிளகுப் பாயில் காய்ந்த பொப்கோர்ன்

நவராத்திரிக்கு எங்கள் தெருக் கோயிலில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். பிரசாதம் என்றால் கடலைதான். அதை யார் தீர்மானித்தார்கள் என்று எந்தக் கூட்டக் குறிப்பிலும் இல்லை. யட்டவத்தப் பிரதேச செயலகத்தில் பென்ஷன் வரை உட்கார்ந்திருந்தவன் என்பதால், எழுதப்படாத சுற்றறிக்கைதான் எல்லாவற்றிலும் வலுவானது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் பிள்ளைகள் கடலையை ருசித்துத் தின்பார்கள். மூன்றாம் நாள் பொக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கோயில் வாசலெல்லாம் கடலை உருளும்.

சென்ற வருடம் என் மனைவி கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் உபயத்துக்குப் பொப்கோர்ன் கொடுக்கப்போவதாக அறிவித்தாள். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அவள் ஒன்றைச் சொன்னால் அது விடை, கேள்வி அல்ல.

தலைவர் சிரித்தார். "பொப்கோர்னா? அம்மனுக்குப் படம் காட்டப் போறீங்களா டீச்சர்?"

"ஆயுத பூஜைக்குப் பொரி வைக்கிறீங்கதானே? அரிசி பொரிஞ்சா பக்தி, சோளம் பொரிஞ்சா படமா?"

இப்போது கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "சரி, செய்ங்க. பொரியாட்டி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர். எங்க வீட்டுல கடலை அவிச்சு அனுப்புறேன். அதுக்கு மெஷின் ஒண்ணும் வேணாம்."

அவர் வீட்டு அண்டாவில் கடலை ஒருமுறை அவிந்துவிட்டால், அந்தக் கதை ஊரில் பல நவராத்திரிகளுக்கு அவிந்துகொண்டே இருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

எங்களிடம் கருவிக்குக் குறைவில்லை. மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த காற்றுப் பொறி ஒன்று. தலைமயிர் உலர்த்தும் கருவிக்கு அது நெருங்கிய சொந்தம். சூடான காற்றை ஊதும், விதை சுழலும், பொரிந்ததும் மூக்கு வழியாகத் துப்பும். எண்ணெய் ஒரு துளிகூட வேண்டாம். அதனால் உப்பும் ஒட்டாது. இருதய வைத்தியரின் மனம் குளிரச் செய்த பொப்கோர்ன். அடுத்தது மைக்ரோவேவ். கடதாசிப் பையில் ஒரு கைப்பிடி விதையைப் போட்டு வாயை மடித்து வைத்தால் முடிந்தது. தனியாள் தின்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் என் மனம் இருப்பது மூன்றாவதில்: மூடியில் கைப்பிடி வைத்த அலுமினியச் சட்டி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அடியில் ஒரு கம்பி விதைகளைக் கிளறிக்கொண்டே இருக்கும். தேங்காயெண்ணெயில் முதலில் மூன்று விதை போட வேண்டும். அவை வெடித்ததும் மிச்சத்தைக் கொட்ட வேண்டும். மூடி கொஞ்சம் விலகி இருக்க வேண்டும். ஆவி போக வழியில்லாவிட்டால் பொரி தோல்போல ஆகிவிடும். வெடிச் சத்தம் தளர்ந்ததும் இறக்கிவிட வேண்டும். கடைசி விதைக்காகக் காத்திருப்பவன் முழுச் சட்டியையும் கருக்குவான். இதையெல்லாம் யாரும் கேட்காமலே நான் சொல்வதுண்டு.

உபயத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பு ஒத்திகை பார்த்தோம். விதைகள் சடசடத்தன, சிவந்தன, பிறகு கருகின. ஒன்றிரண்டு மட்டும் பல்வலிக்காரனைப்போலப் பாதி வாயைத் திறந்தன.

"சுத்துறேன் சுத்துறேன்னு சூட்டைக் கெடுத்துட்டீங்க."

"சட்டியில பிழைன்னா மத்த ரெண்டுலயும் பொரியணும். பொரியுதான்னு பார்ப்போம். அதுதான் முறை."

"ஆ, கச்சேரி திறந்தாச்சு," என்றாள். அரசாங்க அலுவலகத்துக்கு எங்கள் பக்கம் கச்சேரி என்றுதான் பெயர்.

காற்றுப் பொறி விதைகளைச் சுழற்றியது, அப்படியே திருப்பித் தந்தது. மைக்ரோவேவ் பையிலிருந்து புகைதான் வந்தது. மூன்று கருவி, மூன்று விதமான சூடு, ஒரே வாக்குமூலம். குற்றம் விதையில்தான். விதையை விற்றவரைத் தேடி மாத்தளை டவுனுக்குப் போனேன்.

கடைக்கார நானா கோபிக்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "நம்மட சாமானா சேர் பொரியல்ல? கொஞ்சம் நில்லுங்க." சாக்கின் அடியில் மிஞ்சியிருந்ததை அள்ளி, தேத்தண்ணி வைக்கும் அடுப்பிலேயே ஒரு சட்டியில் போட்டார். கடை முழுக்க வெள்ளைப் பூ பறந்தது. "பாத்தீங்களா? உங்களுக்குத் தந்ததும் இதே சாக்குத்தான். வூட்டுல என்ன செஞ்சீங்க?"

புதிய சாக்கு பெருநாள் கழிந்துதான் வருமாம். மிஞ்சியதில் ஒரு பிடியைக் கடதாசிச் சரையில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மனைவி வீட்டு விதை ஒன்றையும் கடை விதை ஒன்றையும் மாற்றி மாற்றிக் கடித்தாள். அவளுடைய அப்பா மிளகு வியாபாரி. மிளகு வாங்குபவர்கள் கண்ணை நம்புவதில்லை, பல்லைத்தான் நம்புவார்கள். கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் அது வெயில் காணாத சாமான். வீட்டு விதை 'கடக்' என்றது. கடை விதை கொஞ்சம் யோசித்துத்தான் உடைந்தது.

"அனே!" என்றாள். "மிளகுப் பதத்துக்குக் காஞ்சிருக்குங்க."

மாத்தளையில் வெயில் அடித்தால் மனிதரைத் தவிர மற்ற எல்லாம் பாயில் கிடக்கும்: மிளகு, கராம்பு, சாதிக்காய். எல்கடுவ மலைப் பக்கம் மேகம் இறங்கும்போது சுருட்டுவோம், விலகினால் விரிப்போம். பொப்கோர்ன் விதையை வாங்கி வந்த அன்றே, வண்டு வைக்கக் கூடாதென்று அவள் அதையும் மிளகோடு விரித்திருக்கிறாள். நாள் கணக்காகக் காயவிட்டிருக்கிறாள். அந்தப் பாயைத் தாண்டித் தாண்டி நானும் பேப்பர் எடுக்கப் போயிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு சாமானுக்குச் செய்யக்கூடிய அதிகபட்ச மரியாதை அது.

"அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி இருக்கணும்," என்றேன். "அது ஆவியாகித்தான் தோலை உடைக்குது."

"போன தண்ணியைப் பத்தி லெக்சர் வேணாம். திருப்பிக் குடுக்க ஏலுமா, அதைச் சொல்லுங்க."

ஏலும் என்று எங்கோ படித்திருந்தேன்; எவ்வளவு என்று படிக்கவில்லை. நானாக இருந்தால் அபிப்பிராயம் கேட்டு நாலு பேருக்கு எழுதியிருப்பேன். அவள் ஜாம் போத்தல்கள் மூன்றை எடுத்து ஒரே அளவு விதை நிரப்பினாள். ஒன்றில் அரைக் கரண்டி தண்ணீர், ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு. இறுக மூடிக் குலுக்கி வைத்தாள். போகும்போதும் வரும்போதும் குலுக்கினாள். என்னையும் குலுக்க வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பொரித்துப் பார்த்தோம். அரைக் கரண்டி விதை அரை மனதோடு வெடித்தது. இரண்டு கரண்டி விதை வெடித்தும் ரப்பராக இருந்தது. ஒரு கரண்டி விதை தகரக் கூரையில் மழை விழுந்ததுபோலச் சட்டி நிறையப் பூத்தது. என் முறை குற்றவாளியைப் பிடித்ததோடு சரி. வழக்கை முடித்தது அவள் முறைதான். அன்று பின்னேரமே மிச்ச விதை முழுவதையும் அதே கணக்கில் போத்தல்களில் அடைத்தாள்.

உபய நாள் காலையிலிருந்து சட்டியைச் சுற்றினேன். காற்றுப் பொறிக்கும் மைக்ரோவேவுக்கும் நன்றி கூறி ஓய்வு கொடுத்தோம். மனைவி உப்பையும் மிளகையும் தூளாக அரைத்து, கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்து நொறுக்கி, சூடு ஆறுமுன் தூவிப் புரட்டினாள். ஒட்டியது. நான் எத்தனையோ தடவை பொப்கோர்ன் பொரித்திருக்கிறேன். அந்த ருசி ஒரு தடவையும் வந்ததில்லை.

தீபாராதனை முடிந்து சரைகள் கைமாறின. வாசலில் ஒன்றும் உருளவில்லை. பிள்ளைகள் சுற்றிவந்து மறுபடியும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் தலைவரும் நின்றார், பேரப்பிள்ளைக்காம்.

"காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கே டீச்சர்," என்றார் வாய் நிறைய.

"மாத்தளை மிளகு சார். நல்லாக் காஞ்சது."

"ம். எந்த மெஷின்ல செஞ்சீங்க? ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன்."

அவள் தூணோரம் சட்டி சுற்றி வலித்த வலது கையை நீவிக்கொண்டு நின்ற என்னைக் காட்டினாள். "அந்தா நிக்குதே. பழைய மொடல் சார், கச்சேரியிலயிருந்து ரிட்டயர் ஆனது. பேச்சுத்தான் கூட, ஆனா கை நல்லாச் சுத்தும்."