வெயிலில் கெடாத பால்

அஸ்ஸலாமு அலைக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், முன்பின் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அல்லாஹ் செய்த உதவியைச் சொல்லாமலிருக்க மனசு விடவில்லை.

என்னோடு பிறந்து, மௌத்தாகி மண்ணுக்குப் போன ராத்தாவின் மகள் றிசானா என்னோடுதான் இருக்கிறாள். கண்டக்குழிக் கருவாட்டு வாடியில் மீன் காயப்போடும் வேலை. கைக்குழந்தையை என்னிடம் விட்டுப் போவாள். பகலில் ஓடி வந்து பால் கொடுப்பாள்.

வெயிலில் நின்றவளின் பால் சூடாகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. பக்கத்து வீட்டு றஹ்மத்தும்மா வேலியால் எட்டிப் பார்த்து, "வெந்த பாலக் குடுத்து புள்ளட வயித்தயும் வேக வைக்கப் போறியாடி?" என்றாள். றிசானா பயந்துபோனாள். பாலைப் பீச்சி மண்ணில் ஊற்றினாள். பிள்ளைக்குப் போத்தலில், கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால்மா. எங்கள் கிணறோ மழைவெள்ளம் ஏறி வடிந்த கிணறு.

வயிற்றோட்டம் தொடங்கியது. "வயித்தால போகக்குள்ள பாலே குடுக்காத" என்றாள் றஹ்மத்தும்மா. றிசானா அதையும் கேட்டாள். பிள்ளையின் கண் உள்ளே போனது. உச்சி குழிந்தது. அழ வாய் திறந்தான், சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகிற வழியெல்லாம் அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தபடியே இருந்தேன்.

சேலைன் ஏற்றினார்கள். நடந்ததைச் சொன்னதும் தாதி கேட்டாள்: "பால் என்ன, அடுப்புல வச்ச கேத்தலா கொதிக்கிறதுக்கு? வெயில்ல நிண்டாலும் அது கெடாது. போத்தலாலயும் தண்ணியாலயும்தான் கிருமி வந்திருக்கும். தாய்ப்பால நிப்பாட்டாதீங்க. கிருமியோட சண்ட பிடிக்கிற சக்தி அதுல இருக்கு."

றிசானா பிள்ளையை அணைத்தாள். அவன் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான்.

"சாச்சி, வருதில்லயே. எல்லாத்தயும் மண்ணுல ஊத்திட்டனே!"

எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வார்டு வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடையாய் நடந்தேன். "யா அல்லாஹ், ஹாஜரா உம்மா வெறும் மணலில் ஓடித் திரிந்தபோது அவர் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற வைத்தவனே, இந்தப் பிள்ளைக்கும் ஊற வை" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். தாதி சொன்னபடி றிசானாவும் விடாமல் அணைத்துக்கொண்டேயிருந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் திரும்பினேன். மடக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

"சாச்சி, முழுங்குறான்!"

அல்ஹம்துலில்லாஹ். அழுதுவிட்டேன்.

இப்போது போத்தல் இல்லை. பகலில் பிள்ளையை நானே வாடிக்குக் கொண்டுபோகிறேன். றிசானா வெயிலிலிருந்து வந்து, கிடுகு வேய்ந்த கொட்டில் நிழலில் குந்திப் பால் கொடுப்பாள். தாதி சொன்னதைக் கேட்ட பிறகு, நான் போகும்போது றஹ்மத்தும்மாவே சத்தம் போடுகிறாள்: "கெதியாப் போங்க, புள்ளக்கிப் பசிக்கும்!"

பிள்ளை பெற்றவர்களே, றப்பாகிய அல்லாஹ் தந்த பாலைக் கொட்டாதீர்கள். பிள்ளைக்கு ஏலாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியிலேயே அல்லாஹ்விடமும் கேளுங்கள்.

தாதி சொன்னதை நான் மாற்றி எழுதியிருக்கலாம். யாராவது மருத்துவமாதுவிடம் காட்டிச் சரிபாருங்கள். பிள்ளை முழுங்கிய சத்தம் மட்டும் பிழையில்லை. அதை என் காதால் கேட்டேன்.