தோளுக்கு எல்லைக்கோடு இல்லை

பினாங்கில் சீன மருத்துவரை நாடிச் செல்பவன் வணக்கம் கூறுமுன் நாக்கை நீட்ட வேண்டும். சின்சே என்று இவ்வூரார் அழைக்கும் அம்மருத்துவர் முதலில் காண விழைவது அதைத்தான். என் சொந்த ஊரான செஞ்சியில் பெரியவர் முன் நாக்கை நீட்டினால் கன்னம் பழுத்துவிடும். இங்கோ நீட்டத் தயங்குபவன் நோயை ஒளிப்பவனாகிறான். தமிழாசிரியனாய் இருந்து ஓய்வுபெற்ற நான், நரைத்த மீசைக்குக் கீழே நாக்கைத் தொங்கவிட்டு நின்றேன். பின்னர் அவர் என் மணிக்கட்டில் மூன்று விரல்களைப் பதித்து நாடி பார்த்தபோது கூச்சம் அகன்றது. எங்கள் ஊர் வைத்தியர் விரல்களும் அவ்வாறே அமரும்.

இடுப்பில் தொடங்கிக் கணுக்கால்வரை இறங்கும் வலி எனக்கு. அவர் கொடுத்த கசாயப் பொதியைப் பிரித்தால், வேர்களுக்கிடையே சிள்வண்டின் உலர்ந்த கூடுகள்! நான் சமணன். பொதியைத் திருப்பி நீட்டினேன். கசப்புக்கு அஞ்சுகிறேன் என்றெண்ணிய அவர், உலர்பழம் ஒன்றை என் கையில் வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் தலையாட்டினார். எனக்குத் தெரிந்த சொற்ப மலாயில், "பினாத்தாங், தீடா" என்றேன். உயிரினம் வேண்டாம் என்பது பொருள். அவர் உரக்கச் சிரித்துப் பொதியை விலக்கிவிட்டு, மயிரிழை போன்ற ஊசிகளை எடுத்தார். காலில் குத்திய இடத்தில் நோவில்லை. ஒருவகைக் கனம் மட்டும் பரவியது. சில கிழமைகளில் கையூன்றாமல் தரையிலிருந்து எழுந்தேன். எந்நோயையும் அது தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் கண்டால் அரசு மருத்துவமனைக்கே செல்வேன். என் வலியை அது தளர்த்தியது, இழந்த உறக்கத்தைத் தந்தது. அனுபவித்ததை மறுக்க எவருக்காகவும் நான் ஒருப்படேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செஞ்சியில் என் உடன்பிறந்தான் வீட்டில் நிகழ்ந்தது. சீனத்தோடு மூண்ட எல்லைப்போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கணவனை இழந்து தம்பியோடு வாழும் எங்கள் தங்கை பத்மாவதிக்கு வலத்தோள் இறுகி, கை மார்புக்குமேல் எழவில்லை. மாத்திரையும் தைலமும் பயன்தரவில்லை. தம்பி மனைவி அன்றாடம் அவளுக்குத் தலைவாரிவிட்டாள். அதுதான் பத்மாவதியை அரித்தது. நான் ஊருக்குப் புறப்பட்டபோது, ஊசியைக் கையாளப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும் என்று சைகையால் உணர்த்தி, சின்சே என் வலிக்கென நெருப்பை மட்டுமே தந்தனுப்பியிருந்தார்: மாசிபத்திரி இனத்துப் பச்சிலையை உலர்த்திப் பஞ்சாக்கித் தாளில் சுருட்டிய கோல்கள். கனலும் நுனியைத் தோலில் படாமல் காட்டி, இறுகிய இடத்தைச் சூடேற்ற வேண்டும்.

தம்பி தரணேந்திரன் கோலைக் கண்டதும் கொதித்தான். "இன்னாண்ணா இது? சீனாக்காரன் சாமான வூட்டுக்குள்ள எடுத்தாந்திருக்கீங்க? பார்டர்ல நம்ம பசங்க செத்தது மறந்துபோச்சா? மண்டியில நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"மண்டியில நீ இன்னாடா விக்கிற?"

"மணிலாக்கொட்டை." வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"மணிலா எங்கடா இருக்குது? வல்லத்துக்குப் பக்கத்துலயா, அவலூர்பேட்டைக்குப் பக்கத்துலயா?"

"கொட்டையும் கொள்ளியும் ஒண்ணா? வெளையாடாதீங்க."

பத்மாவதி குறுக்கிட்டாள். "தோளு என்னுது. நோவறதும் எனக்கு. நாளைக்கி செத்தாலும் தலைய நானே வாரிக்கினு சாவணும். நீ பத்தவைண்ணா."

உறங்குமுன் காட்டுமாறு சின்சே சைகை செய்திருந்தார். அவ்வண்ணமே அன்று பொழுது சாய்ந்தபின் பற்றவைத்தேன். பூச்சிகள் விழுந்து மாயுமென்று அந்திக்குப்பின் நெருப்பை விலக்கும் எங்கள் குலநெறி, வெளிநாட்டில் வாழ்ந்த எனக்கு நினைவில் எழவில்லை. தரணேந்திரனுக்கு அது போதுமானதாயிற்று. "பாருங்க! பூச்சி சாவப்போவுது."

"எங்க சாவுது? இந்த நாத்தத்துக்கு எல்லாம் ஓடிப்போவுது. நீயும் ஓடு" என்றாள் பத்மாவதி.

ஆயினும் நெறி நெறிதான், அணைத்தேன். மறுநாள் நண்பகலில், தெருக்கதவைத் திறந்துவைத்தே பற்றவைத்தேன். ஒளிந்து செய்வதற்கு அது களவன்று. மருந்திடம் கடவுச்சீட்டுக் கேட்பவர் புகையையும் தடுத்து நிறுத்தட்டும்! நாள்தோறும் சூடுகாட்டினேன், அவளும் கையைச் சுவரில் மேலே மேலே ஊரவிட்டுப் பழக்கினாள்.

நான் பினாங்கு திரும்பும் நாள் நெருங்கிய ஒரு காலை, அவள் வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு தானே வாரிக் கொண்டையிட்டாள். எதிர்வீட்டு பாத்திமா வியந்தாள்: "இன்னா பத்மா, கை இம்மாந்தூரம் போவுது! எந்தூரு வைத்தியம்?"

தரணேந்திரன் அவசரமாகக் கண் காட்டினான். பத்மாவதியோ தெரு முழுதும் கேட்கும்படி, "சீனாக்காரன் வைத்தியம்! அண்ணன் கையால" என்றாள். அவன் துண்டை உதறித் தோளிலிட்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டான். அன்று வணிகம் எதுவும் நின்றதாக நான் அறியேன்.

பினாங்கு திரும்பி, தங்கையைப் பற்றிச் சின்சேயிடம் கூற முயன்றேன். சொற்கள் போதவில்லை. அவள் கை எட்டிய உயரத்துக்கு என் வலக்கையை உயர்த்தி, எட்டாது எஞ்சியதை இடக்கையால் காட்டினேன். அவர் எழுந்து வந்து என் தோளை மெல்ல அழுத்தி, "சாகித்?" என்றார். வலிக்கிறதா என்று கேட்கிறார். இத்தோள் நலமே, வலி செஞ்சியில் இருக்கிறது என்று விளக்க என்னிடம் மலாய் இல்லை.

"சாகித்" என்றேன். கையை மட்டும் தாழ்த்தவில்லை.