அப்பா ஏறாத மேசை

முதுகைப் பிடித்துக்கொண்டே இதை வாசிக்கிற அன்பர்களே, எங்கள் தொழிலில் பாதி வேலை கையால், மீதி வேலை காதால்.

கைரோபிராக்டர் என்று அதற்குப் பெயர். முதுகெலும்பில் இறுகிப்போன இடத்தைக் கையால் அழுத்தி இளக்கிவிட வேண்டும். ஊசி, மாத்திரை கிடையாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை, 'முதுகு டாக்டர்' ஆகிவிட்டேன். அப்பா மில் தொழிலாளி. தறியில் குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான், சித்தப்பா பாரீசுக்குக் கூப்பிட்டபோது இந்தப் படிப்பைத் தேடிப் படித்தேன். திரும்பி வந்து முன்னறையில் வைத்தியத்துக்குப் படுக்கிற மேசையைப் போட்டதும் முதலில் அப்பாவைக் கூப்பிட்டேன். "வந்தவங்கள முதல்ல பாரு" என்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாதக்கணக்கில் அதே பதில்தான்.

சொல்தாவின் கப்பல்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு பெரியவர் இடுப்பு வலியோடு வந்து குப்புறப் படுத்தார். உடம்பைத் தளரவிடச் சொன்னால் இன்னும் விறைக்கிறார். பட்டாளத்து உடம்பு, அதிகாரி பக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்துவிட்டது போல.

நான் குரலெடுத்துப் பேசுகிறவன் இல்லை. ஆனால் தாத்தாவிடம் கதை கேட்டே வளர்ந்தவன், ஊம் கொட்டத் தெரியும். முதல் கப்பல் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். படுத்தபடியே வியட்நாமில் இருக்கிற சைகோனுக்குப் புறப்பட்டார். கதையில் நடுக்கடல் வந்தபோது உடம்பு தானாக இளகியது. ஓர் அழுத்து, முடிந்தது. எழுந்திருக்கலாம் என்றேன். அவர் அசையவில்லை.

"கப்பல் இன்னும் கரைக்கே வரல தம்பி. அதுக்குள்ள எறங்கச் சொல்றியே."

சத்தம் வராத வைத்தியம்

லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்த குமாஸ்தா ஒருவருக்கு மெதுவாக நீவிவிட்டதிலேயே கழுத்துப் பிடிப்பு விட்டுப்போனது. இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். முகத்தில் மட்டும் ஏதோ குறை.

"வலி போயிடுச்சி சார். ஆனா டொக்குன்னு ஒரு சத்தம் வரலியே, வீட்ல கேட்டா என்னன்னு சொல்றது?"

தொடாத கழுத்து

குருசுக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்தார். கூடை சுமந்து கழுத்து வலி, வலது கையில் மரத்துப்போகிறது. என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடியே இல்லை. முழங்கையில் சின்னச் சுத்தியலால் தட்டினேன், கை துள்ளவில்லை. நரம்பு நசுங்கிய இப்படிப்பட்ட கழுத்தை அழுத்தினால் இருக்கிற கையும் போய்விடலாம். நான் தொடக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்குப் புரிகிற வரைக்கும் சொன்னேன், ரிக்‌ஷாவும் பிடித்துக் கொடுத்தேன். அந்தக் கை அங்கேதான் தேறியது, அது பிறகு. அன்றைக்கு ரிக்‌ஷாவில் ஏறும்போது தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்:

"என்னால முடியாதுன்னு சொல்றதுக்கா பாரீசு வரிக்கும் போயி படிச்சிட்டு வந்த?"

ஜன்னலோரத்தில் அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டை

மறுநாள் காலை நான் முன்னறைக்கு வந்தபோது அப்பாவின் சட்டை நாற்காலியில் தொங்கியது. அப்பா மேசையில் குப்புறப் படுத்திருந்தார். ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக் கூன் முழுதாக நிமிராது, வலி வேண்டுமானால் குறையும் என்று சொன்னேன். முகத்தைத் திருப்பாமலே அவர் பேசினார்.

"ஆசையா படிச்சிட்டு வந்த. என் முதுகு நிமிரலன்னா நீ ஒடிஞ்சிடுவியோன்னு பயந்துகினு இருந்தேன். நேத்து அந்தம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு நிமுந்து நின்ன பாரு, இனிமே பயமில்ல. அழுத்து."

சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிற அளவுக்கு அப்பா தேறிவிட்டார். ஆனால் இப்போது வந்தவர்களையெல்லாம் காக்கவைத்துவிட்டு முதலில் அவரே ஏறிப் படுத்துக்கொள்கிறார்.