குனிய வேண்டாத வாசல்

கல்வராயன் மலையில் அப்போதெல்லாம் வீட்டு வாசல் ஆளின் மார்பு உயரம்தான். காற்றும் சாரலும் உள்ளே அடிக்காதபடி அப்படிக் கட்டினார்கள். யார் வந்தாலும் குனிந்துதான் நுழையவேண்டும். எங்கள் பரம்பரையில் ஒருவரும் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

எங்கள் ஊரில் முதல் சர்க்கார் வீடு எங்கள் அப்பாவுக்குத்தான் கிடைத்தது. சிறுபிள்ளையான நான் கை தூக்கினாலும் எட்டாத வாசல். மூத்தவன் நான் இருக்க, தம்பிக்கு வந்துவிட்டதே என்று பெரியப்பாவுக்கு மனத்தாங்கல். பேச்சை நிறுத்திவிட்டார். பேச்சு போனால் போகட்டும், எங்களிடம் ஒரு மாடு, அவரிடம் ஒரு மாடு, இரண்டும் சேர்ந்தால்தான் ஏர். மழை பெய்து சாமை விதைக்கும் பதம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் வருஷத்துச் சோறு அதுதான்.

ஒரு காலையில் பெரியப்பாவே இறங்கி வந்தார். அந்த உயரமான வாசலில் இடுப்பு வளையக் குனிந்து நுழைந்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னாண்ணே, கும்புடு போட்டுக்கினு வர? என் வூட்டப் பாத்தா நக்கலா இருக்குதா?"

பெரியப்பா விழித்தார். தான் குனிந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஏர் பூட்டலாம் என்று வந்தவர், வந்த காலோடு திரும்பினார். போகும்போதும் குனிந்தே போனார்.

"நீயுந்தான் தெனம் குனிஞ்சிக்கினு வர. நான் எதனா கேட்டனா?" என்றாள் அம்மா, அடுப்பை ஊதியபடி.

அப்பா நம்பவில்லை. வெளியே போய் விறைப்பாக நிமிர்ந்து வந்து காட்டினார். அடுத்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஏதோ நினைப்பில் வந்தவர், வாசலில் முதுகு தானாக வளைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு மாட்டை அவிழ்த்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தத் தாழ்ந்த வாசலுக்கு முன்னால், தூறலில், கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "உள்ள வாடா, நனையாத" என்று பெரியப்பாவின் குரல் வந்தது. அப்பா பாதி குனிவார், நிமிர்ந்துகொள்வார். விவரம் தெரிந்த நாளாய் நுழைந்த வாசல், மனுஷனுக்குக் குனிய மறந்துபோயிற்றோ என்று எனக்குக் கலக்கமாக இருந்தது. முன்னால் போய், "இப்பிடிப்பா" என்று குனிந்து காட்டினேன். உள்ளே பெரியப்பா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அவரே வெளியே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே ஏர் பூட்டியாயிற்று. தெரியாததைச் சொல்லித்தானே கொடுத்தேன், உழுது முடிக்கிறவரை அப்பா ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.