மாத்துக் கலியாணமும் பிக் ஸ்வாப்பும்

எங்கடை கஸ்டமர் சர்வீஸுக்கு வாற புதுப் பிள்ளையளுக்கு நான் முதல் சொல்லுறது இதுதான்: ஆராவது பிக் ஸ்வாப் எண்டு போன் எடுத்தால், கோப்பியை ஊத்தி வைச்சிட்டுக் கதையுங்கோ.

ஒஸ்லோவிலை எங்கடை கொம்பனி இணையத்திலை ஒரு கூடைப்பந்து மனேஜர் விளையாட்டு நடத்துது. ஆளுக்கொரு அணி. சட்டமெல்லாம் அமெரிக்கத் தொழில்முறை லீக்கிலை உள்ள மாதிரித்தான். வருசா வருசம் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்யிறது டிராஃப்ட். மோசமாத் தோத்த அணிக்கு முன் இடம், வெண்ட அணிக்குப் பின் இடம். அந்தத் தெரிவு இடத்துக்குப் பேர்தான் பிக். பிக் ஸ்வாப் எண்டால் அதை மாத்த இரண்டு அணியிலை ஒண்டுக்கு மட்டும் உள்ள உரிமை. மற்ற அணியின்ரை இடம் முன்னுக்கு இருந்தால், தன்ரையைக் குடுத்து அதை எடுக்கலாம். தன்ரையே நல்லமெண்டால் பேசாமல் இருக்கலாம். இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே என்ரை தலை நரைச்சுப்போச்சு.

ஒஸ்லோவின்ரை புருசெத் பக்கத்திலை இருந்து ராசன் அண்ணை போன் எடுத்தார். முதல் ஒருக்கால் தன்ரை மச்சான் குகன்ரை அணியிலை இருந்து ஒரு நல்ல ஆட்டக்காரனை வாங்க, பதிலுக்கு அவருக்கு ஸ்வாப் உரிமையைக் குடுத்தவர். இந்த முறை டிராஃப்டிலை ராசனுக்கு எட்டாம் இடம், குகனுக்கு இரண்டாம் இடம். ஏன் இன்னும் மாத்தேல்லை எண்டு கேட்டார். உரிமை குகனுக்கு மட்டும்தான், அவர் ஏன் நல்லதைக் குடுத்துக் கூடாததை எடுக்கப்போறார் எண்டு சொன்னன். திருப்பியும் சொன்னன். ஏறேல்லை.

"தங்கச்சி, நான் மாத்துக் கலியாணம் செய்தவன். குகன்ரை தங்கச்சியை நான் கட்டினனான், என்ரை தங்கச்சியை அவன் கட்டினவன். ஒரு பக்கம் மட்டும் குடுத்தால் அது மாத்தோ?"

ஐயோ கடவுளே! ஏன் இவ்வளவு நேரமெண்டு கேட்ட நோர்வேக்கார மேலாளருக்கு இதை எந்தப் பாஷையிலை சொல்லுறது?

பிறகு பக்கத்து ஊர் ஹவுகன்ஸ்டுவாவிலை இருந்து ராசன்ரை தங்கச்சி, குகன்ரை மனுசி எடுத்தா. ஒரே அழுகை. மகள் பெரியபிள்ளையானதுக்குச் சனிக்கிழமை சாமத்தியவீடு. இடத்தை மாத்தித் தராட்டி வரமாட்டன் எண்டு ராசன் சொல்லிப்போட்டாராம். தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு ஆர் தண்ணி வாக்கிறது? குகனும் சட்டம் சட்டம்தான் எண்டு நிக்கிறாராம். எங்கடை பக்கத்தாலை மாத்திவிடேலாதோ எண்டு கெஞ்சினா. ஏலாது. எனக்கு இரண்டு ஆம்பிளையளிலையும் பத்திக்கொண்டு வந்தது.

வேலை விதிப்படி செய்யக்கூடாது, ஆனாலும் ராசனுக்கு நானே எடுத்தன்.

"அண்ணை, ஸ்வாப் குகனுக்கு உரிமை. விரும்பாட்டி விடலாம். பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறதை நீங்கள் அப்பிடி விடலாமோ?"

டக்கெண்டு போனை வைச்சிட்டார்.

திங்கக்கிழமை திரும்ப அவற்றை நம்பர். தொடங்கீட்டுது எண்டு எரிச்சலோடைதான் எடுத்தன்.

"போனனான் தங்கச்சி. பிள்ளை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. தண்ணி வாத்து முடிய, இரண்டாம் இடத்தைத் தாறன் எண்டு குகன் வந்து நிண்டான். வேண்டாமெண்டிட்டன்."

ஆனபடியால், பிள்ளையள், ஸ்வாப் எண்டு ஆராவது எடுத்தால் உரிமை ஆருக்கு எண்டு கேளுங்கோ. மற்ற அணி ஆற்றை எண்டும் கேளுங்கோ. மச்சான்ரை எண்டு மறுமொழி வந்தால், சட்டத்தை விளங்கப்படுத்தி நேரத்தை வீணாக்காதையுங்கோ. வீட்டிலை என்ன விசேசம் வருகுதெண்டு கேளுங்கோ.